செம்மண்ணில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஆரோவில் மாரத்தானுக்குத் தயாராகும் யாரைப் பார்த்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்ற கணக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2008-இல் தொடங்கிய இந்த ஓட்டத்தில் பரிசுப் பணம் கிடையாது. ஓடும் மகிழ்ச்சிக்காக ஓட வாருங்கள் என்பதுதான் அழைப்பு. பிப்ரவரி மாத ஞாயிறு ஒன்றில், ஆரோவில் காட்டுத் தடங்களிலும் சுற்றியுள்ள கிராமத்து மண் பாதைகளிலும் நடக்கும். முழு மாரத்தான், அரை மாரத்தான், பத்து கிலோமீட்டர் என்று மூன்று தூரங்கள்.

புதுச்சேரி உப்பளத்தில் இருப்பவர்களுக்கு ஓடிப் பழக இடத்துக்குக் குறைவில்லை. இந்திரா காந்தி விளையாட்டரங்கம் இங்கேயே இருக்கிறது. கொஞ்சம் நடந்தால் கடற்கரைச் சாலை. மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வண்டிகள் வராது. ஆனால் இரண்டுமே சமதளம். ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழும். ஆரோவில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரமுள்ள செம்மண் மேடு. ஓரிடத்தில் பொடிமண்ணில் கால் புதையும். அடுத்த வளைவில் இறுகிய தரைமேல் சரளைக்கல் உதிர்ந்து கிடக்கும். அதன்மேல் கால் வைத்தால் கோலிக்குண்டின் மேல் நிற்பது போலத்தான். குறுக்கே வேர், மழைநீர் அறுத்த பள்ளம், மண்கரை. கடற்கரைச் சாலையின் வேகத்தை இந்தப் பாதையில் எதிர்பார்ப்பது சரியில்லை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜி.பி.எஸ். கடிகாரம் காட்டும் தூரமும் முன்னே பின்னே இருக்கும்.

அப்படியானால் எதை வைத்து ஓடுவது? மூச்சை வைத்து. விளையாட்டரங்கில் என்னோடு ஓடும் மூத்தவர் ஒருவர், “பேசிக்கிட்டே ஓட முடியுதா பாரு தம்பி. முடியலைன்னா இது உன் வேகம் இல்லை” என்பார். மண் பாதைக்கு இதைவிட நல்ல அளவுகோலை நான் பார்க்கவில்லை. மேட்டில் மூச்சு வாங்கினால் நடந்துவிடுங்கள். இறக்கத்தில் எட்டி வைக்காமல் குட்டிக் குட்டியாக அடி வையுங்கள். பாய்ந்து இறங்கினால் தொடைத் தசை முப்பதாவது கிலோமீட்டரில் பழிவாங்கும்.

பயிற்சியில் வாரத்துக்கு ஒரு நாளாவது மண்ணில் ஓடுங்கள். குயிலாப்பாளையம், இரும்பை பக்கம் போய் ஓடினால் பாதையே பழகிவிடும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை ஏற்றி இறக்குவது ஆகிய இரண்டும் கணுக்காலுக்குப் போதும். மழைக்காலத்தில் தொடர்ந்து ஓடுவதுதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகையில் விட்டு விட்டுத்தான் ஓட முடியும் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பொங்கலை ஒட்டி முப்பது கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை முடியுங்கள். அதன்பின் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

முழு மாரத்தான் விடிவதற்கு வெகு முன்பே, இருட்டில் தொடங்கும். பிப்ரவரியில் இங்கே சூரியன் எழ ஆறரை ஆகிவிடும். தலையில் மாட்டும் டார்ச் அவசியம். ஷூ பழகியதாக இருக்கட்டும், கால் விரல் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள், தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவுங்கள்.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறும்போது, கிடைக்கும் இடத்திலெல்லாம் குடித்துத் தீர்க்கத் தோன்றும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில், 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்ததே முக்கியக் காரணம். தாகம் எடுத்தால் குடியுங்கள். நடுநடுவே ஓ.ஆர்.எஸ். கலந்த தண்ணீர், வாழைப்பழம், கடலை மிட்டாய் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதை மட்டும் சாப்பிடுங்கள்.

ஓடும்போது சுற்றிலும் பாருங்கள். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது இந்த மேடு பெரும்பாலும் மரமற்ற பொட்டல். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலுக்கு ஓடும். மண்கரை போட்டு நீரைத் தேக்கி, கன்று நட்டு, கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த காடு இது. பக்கத்துக் கிராமத்து மக்களின் உழைப்பும் இதில் இருக்கிறது. நாம் தாண்டி ஓடும் மண்கரைகள் அந்த வேலையின் மிச்சம்தான். இதைத் தெரிந்துகொண்டு ஓடினால், தின்ற ஜெல் பாக்கெட்டைப் பாதையோரம் வீச யாருக்கும் மனம் வராது. டிரவுசர் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஊர்ப் பிள்ளைகள் கை நீட்டினால் தட்டிவிட்டுப் போங்கள். தடுமாறி உட்கார்ந்தவரைக் கண்டால் நின்று விசாரியுங்கள். பரிசில்லாத ஓட்டத்தில் அதனால் நமக்கு எந்த இழப்பும் இல்லை.

முடித்ததும் உடனே உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். அந்த வாரம் முழுக்க ஓட வேண்டாம். தொடை வலிக்காமல் மாடிப்படி இறங்க முடிந்த பிறகு மெதுவாகத் தொடங்கலாம்.