கண்ணோரச் சுருக்கத்துக்கு எந்த க்ரீம்?

கேள்வி: எனக்கு 52 வயது. கண்ணோரம் சுருக்கமும் கருமையும் விழுந்துவிட்டன. எந்த ஐ க்ரீம் வாங்கலாம்?
— ஒரு வாசகி, ஜீவனஹள்ளி, பெங்களூரு

பதில்: முதலில் சன்ஸ்கிரீன் வாங்குங்கள், அம்மா. பெங்களூரு குளுகுளுவென்று இருந்தாலும் சுமார் 900 மீட்டர் உயரத்து ஊர். புற ஊதாக் கதிருக்குக் குறைவில்லை. சுருக்கத்துக்கு அதுவே பெரிய காரணம்.

இரவில் ரெட்டினால் க்ரீமை அரிசியளவு எடுத்து, மோதிர விரலால் கண்ணுக்குக் கீழுள்ள எலும்பின் மேல் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தொடக்கத்தில் வாரம் இரண்டு இரவு போதும். பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். எரிந்தால் நிறுத்திவிடுங்கள்.

கருமை போகுமென்று மருந்துக்கடையில் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. கண்ணருகே மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், கண் அழுத்தமும் ஏறலாம். தயவுசெய்து தொடாதீர்கள். சிவாஜிநகர் பௌரிங் மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள்.