பழைய ருசி, குறைந்த எண்ணெய்: வீட்டு மீன் சமையலுக்கு ஒரு வழிகாட்டி

ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு கூடியிருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது மீன் வறுவல். அடுத்து, நல்லெண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு. சில வாரங்கள் உப்பும் மஞ்சளும் போட்டு அவித்த மீனோடு ஓடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விடும். கடையில் வாங்கிய பொரித்த மீனில் அத்தனை நாள் ஏக்கமும் தீரும். சாப்பிடுகிறவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சின்ன வயதிலிருந்து நாக்கு பழகிய ருசியை அடியோடு பறித்துக்கொள்ளும் பத்தியம் எந்த வீட்டிலும் நிலைக்காது.

உண்மையில் மீனை விலக்கவே தேவையில்லை. அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு இரண்டு முறை மீன் சாப்பிடச் சொல்கிறது. அதுவும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களை, எண்ணெயில் பொரிக்காமல். இவற்றில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு இதயத்துக்கு நல்லது. நம் சமையலில் சுமையைக் கூட்டுவது மீனோடு சேரும் எண்ணெய், தேங்காய், உப்பு, மைதா, தட்டில் குவியும் சோறு ஆகியவைதான்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது. நூறு மில்லி நல்லெண்ணெய் ஊற்றிய குழம்பில் எண்ணெயிலிருந்து மட்டும் 800 கலோரிக்கு மேல் வரும். நான்கு பேர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 200. நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் இந்தக் கணக்கு அநேகமாக ஒன்றுதான்.

இதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான். ஒவ்வொரு பண்டத்துக்கும் உயிர் எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வறுவலின் உயிர் மசாலா கருகியும் கருகாத பக்குவத்தில் பிடிக்கும் மொறுமொறுப்பில் இருக்கிறது. குழம்பின் உயிர் புளியும் வறுத்த மல்லியும் சின்ன வெங்காயமும் கூடிக் கொதிக்கும் வாசனையில். புட்டின் உயிர் பூண்டிலும் உதிரிப் பதத்திலும். அந்த ஒன்றைத் தொடாதீர்கள். மற்றதில் தாராளமாகக் கை வையுங்கள்.

வறுவல்: கல் சூடே பாதி வேலை

மீன் சிவக்க வேண்டுமானால் அதன் மேலிருக்கும் ஈரம் முதலில் வற்ற வேண்டும். ஈரத்தோடு கல்லில் போட்டால் மீன் வேகுமே தவிர முறுகாது. அதைச் சரிக்கட்டத்தான் நாம் மேலும் மேலும் எண்ணெய் விடுகிறோம். ஆகவே கழுவிய துண்டுகளைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே மசாலா தடவுங்கள்.

அரை கிலோ வஞ்சிரம், பாறை அல்லது சங்கராவுக்கு ஆறு பல் பூண்டு, நான்கு சின்ன வெங்காயம், அரைத் தேக்கரண்டி சோம்பு, அரைத் தேக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிறிது மஞ்சள்தூள், கெட்டியான புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. தண்ணீர் சேர்க்காமல் விழுதாக அரைத்து, ஒரு தேக்கரண்டி அரிசி மாவு கலந்து தடவி, அரை மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் மூடாமல் வையுங்கள். மேற்புறம் உலர்ந்துவிடும். மைதாவும் சோள மாவும் வேண்டாம். அவை எண்ணெயை இழுக்கும் கனமான போர்வையாகிவிடும். கடற்கரைக் கடை மீனின் சிவப்பு நிறம் கேட்கும் பிள்ளைகளுக்கு வண்ணப்பொடிக்குப் பதில் காஷ்மீரி மிளகாய்த்தூள் போதும்.

இரும்பு தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, இரண்டு தேக்கரண்டி எண்ணெயைப் பரவலாகத் தடவி, கறிவேப்பிலை தூவி, அதன் மேல் மீனை வையுங்கள். நடுத்தரத் தீயில் மூன்று நான்கு நிமிடம் தொடவே கூடாது. அடிப்புறம் முறுகிய பிறகு மீன் தானாகவே கல்லை விட்டு வரும். அவசரமாகத் திருப்பினால் மசாலா கல்லில் ஒட்டிக்கொள்ளும். கல் பழகாத வீட்டில் வாழையிலையை வாட்டி, கல்லின் மேல் விரித்து அதில் மீனை வைக்கலாம். எண்ணெய் இன்னும் குறையும், இலை வாசனையும் ஏறும்.

நெத்திலிக்குக் கல் சரிப்படாது. அவன் அல்லது ஏர் ஃப்ரையர் இருந்தால், தலை கிள்ளிச் சுத்தம் செய்த நெத்திலியை அதே மசாலாவில் பிரட்டி, ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, 180 டிகிரி செல்சியஸில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் வையுங்கள். பாதியில் ஒருமுறை கிளறிவிடுங்கள். முள்ளோடு சாப்பிடும் மீன் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை: மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி வைத்து மறுபடி மறுபடி சூடாக்காதீர்கள். அந்த எண்ணெய் கெட்டுப்போய்க்கொண்டே இருக்கும். கல்லில் வறுக்கும் பழக்கத்துக்கு மாறினால் மிச்ச எண்ணெய் என்ற பேச்சுக்கே இடமில்லை.

குழம்பு: எண்ணெயை இரண்டாகப் பிரியுங்கள்

அரை கிலோ மீனுக்கு மொத்தமே ஒன்றரை மேசைக்கரண்டி நல்லெண்ணெய் போதும். ஒரு மேசைக்கரண்டியில் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் போட்டுச் சிட்டிகை உப்பு தூவி மூடிவிடுங்கள். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே கொண்டுவரும். அந்த நீரிலேயே அது குழையும். பிறகு தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், புளிக்கரைசல். பச்சை வாசனை போகக் குறைந்த தீயில் கால் மணி நேரம் கொதிக்க வேண்டும். எண்ணெய் பிரிவதை வைத்துப் பதம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே மூக்கை நம்ப வேண்டும். மல்லியின் பச்சை வாடை அடங்கி, புளியின் கூர்மை தணிந்தால் குழம்பு தயார்.

மீனைக் கடைசி ஏழெட்டு நிமிடத்தில் போடுங்கள். கரண்டி விடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அடுப்பை அணைத்ததும் மீதமிருக்கும் அரை மேசைக்கரண்டி நல்லெண்ணெயைப் பச்சையாக மேலே ஊற்றி மூடுங்கள். தாளிப்பில் ஆறு கரண்டி ஊற்றினாலும் வராத வாசனை இந்த அரைக் கரண்டியில் வரும். சூட்டில் நெடுநேரம் வேகாததால் எண்ணெயின் மணம் அப்படியே நிற்கும்.

தேங்காய் அரைத்து ஊற்றும் தென்மாவட்டக் குழம்பைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் தேங்காயே இல்லாமல் திருப்திப்படமாட்டார்கள். அளவைப் பாதியாக்கி, குறைந்த பாதிக்கு எட்டுப் பத்துச் சின்ன வெங்காயத்தை வதக்கிச் சேர்த்து அரையுங்கள். கெட்டி குறையாது. முருங்கைக்காய், மாங்காய், கத்தரிக்காய் ஏதாவது ஒன்று குழம்பில் விழட்டும். தட்டில் காய் இருந்தால் சோறு தானாகக் குறையும். ருசி ஊறும்படி இரண்டு மணி நேரம் வைத்துச் சாப்பிடலாம். மறுநாளுக்கு என்றால் ஆறியதும் குளிர்பதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.

புட்டு: சுறாவுக்குப் பதில்

பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கச் சுறாப் புட்டு கொடுப்பது நம் கடலோர வழக்கம். அதன் பின்னே இருக்கும் அக்கறை பெரிது. ஆனால் நீண்ட காலம் வாழ்ந்து மற்ற மீன்களைத் தின்று வளரும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் பால் குடிக்கும் குழந்தைக்கும் அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. மத்தி, நெத்திலி இரண்டும் அதே நிர்வாகத்தின் நல்ல மீன்கள் வரிசையில் இருக்கின்றன. ஆகவே அக்கறையை வைத்துக்கொண்டு மீனை மட்டும் மாற்றுங்கள்.

கானாங்கெளுத்தி (தெற்கே அயிலை) புட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அரை கிலோ மீனைச் சுத்தம் செய்து, மஞ்சளும் உப்பும் தடவி, இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆறியதும் தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, நீரைப் பிழிந்துவிடுங்கள். நீர் தங்கினால் உதிரி வராது. இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் சோம்பு, கைப்பிடி பூண்டு, இரு கைப்பிடி சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதங்கிய பின் மீனைக் கொட்டி, தீயைக் குறைத்துப் பொலபொலவென்று வரும்வரை கிளறுங்கள். கடைசியில் இடித்த மிளகும் கொத்தமல்லியும். தேங்காய் கட்டாயமில்லை, ஆசைப்பட்டால் இரண்டு மேசைக்கரண்டி.

கட்லெட்: பணியாரக் கல்லை எடுங்கள்

பள்ளி விட்டு வந்ததும் கிடைத்த மீன் கட்லெட்டில் மீனைவிட உருளைக்கிழங்கும் ரொட்டித்தூளும் எண்ணெயும்தான் அதிகம். விகிதத்தைத் திருப்பிவிடுங்கள். வேகவைத்து உதிர்த்த மீன் இரண்டு பங்கு, கிழங்கு ஒரு பங்கு. கிழங்கைத் தோலோடு வேகவைத்து, முழுக்க ஆறவிட்டு மசித்தால் நீர்க்காது. உருட்டும்போது உடையவும் செய்யாது. வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, மிளகுத்தூள், கொத்தமல்லி சேர்த்து எலுமிச்சை அளவு உருண்டைகளாக்குங்கள். ரொட்டித்தூளுக்குப் பதில் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்த அவலில் புரட்டுங்கள். பணியாரக் கல்லின் ஒவ்வொரு குழியிலும் நாலைந்து சொட்டு எண்ணெய் விட்டு, உருண்டைகளை வைத்து, மெல்லிய தீயில் திருப்பித் திருப்பிச் சிவக்கவிடுங்கள். பொரித்ததற்கு ஈடான மேலோடு கிடைக்கும். தொட்டுக்கொள்ளப் புதினாச் சட்னி வையுங்கள்.

இறாலும் கருவாடும்

இறாலில் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மை. பச்சை இறால் 100 கிராமில் ஏறக்குறைய 150 மில்லிகிராம். ஆனால் ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுவது நிறைகொழுப்பு. அது இறாலில் மிகக் குறைவு. அளவோடு சாப்பிடும் இறாலைவிட, அதன் மேல் ஊற்றும் நெய்யையும் தேங்காய்ப்பாலையும் கவனியுங்கள். தொக்குக்கு வெங்காயம், தக்காளியை மூடிபோட்டுக் குழைய வேகவைத்துச் சுண்டிய பிறகு கடைசி நான்கு நிமிடம் இறால் போதும். இறால் லேசாக வளைந்து நிறம் மாறியதும் இறக்குங்கள். சுருண்டு உருண்டையாகிவிட்டால் ரப்பராகிவிட்டது என்று பொருள். மருத்துவர் தனியாக அளவு சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்கு விதி.

கருவாட்டில் எண்ணெயைவிட உப்பே பெரிய சுமை. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கருவாட்டை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி மூன்று முறை அலசுங்கள். குழம்பில் கருவாட்டைவிட மொச்சை, கத்தரிக்காய், வாழைக்காய் அதிகம் இருக்கட்டும். கொதித்து ருசி பார்க்கும்வரை உப்பு டப்பாவைத் திறக்காதீர்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இப்படி அலசியும்கூடக் கருவாடு நல்லதல்ல. வெள்ளைப் பூண்டும் மொச்சையும் போட்டு நெத்திலிக் குழம்பு வைத்துக் கொடுங்கள்.

வாங்கும்போது

மசாலாவும் எண்ணெயும் குறையும்போது மீனின் தரம் நாக்குக்கு நேராகத் தெரியும். கண் பளிச்சென்று புடைத்திருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை எழும்ப வேண்டும். கானாங்கெளுத்தி, சூரை, மத்தி போன்றவற்றை வெயிலில் வைத்துவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. மதியம் வரை ஐஸ் இல்லாமல் கிடந்த மீனை மலிவு என்று வாங்காதீர்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பெரிய மீன் விலை ஏறும். அப்போது நாட்டுப்படகுகள் கொண்டுவரும் சிறு மீன்களைத் தேடுங்கள். விலையும் கட்டுப்படும், சத்தும் குறையாது.

மீன் எல்லாருக்கும் ஒரேபோல் ஒத்துக்கொள்ளாது. யூரிக் அமிலம் கூடிய மூட்டுவலிக்காரர்கள் மத்தி, நெத்திலி, இறாலைக் குறைக்க வேண்டும். இறால், நண்டு ஒவ்வாமை உள்ளவர்கள் ருசி பார்க்கக்கூட முயலக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். வீட்டில் எதிர்ப்புக் கிளம்பும். முதல் வாரம் குழம்பில் எண்ணெயை மட்டும் பாதியாக்குங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் வறுவலை வாணலியிலிருந்து கல்லுக்கு மாற்றுங்கள். மூன்றாவது வாரம் தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தில் ஒரு பொரியல் வையுங்கள். உப்பைக் கடைசியாகத் தொடுங்கள். நாக்கு அதற்குத்தான் அதிக நாள் கேட்கும். ஒவ்வொரு மாற்றத்திலும் பெரியவர்கள் "பழைய மாதிரியே இருக்கே" என்று சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள்.