நாளுக்கு 20 நிமிடம்

தில்லை நகர்,
திருச்சி.

மாப்பிள்ளைக்கு,

தாத்தாவின் எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சை நீயே திறந்து எண்ணெய் விட்டாய், நின்று கிடந்தது ஓடுகிறது, ஆனால் நாளுக்கு 20 நிமிடம் முந்துகிறது என்று எழுதியிருந்தாய். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று வேறு. சொல்லவில்லை.

திறந்ததற்குத் திட்ட மாட்டேன். எதை வைத்துத் திறந்தாய்? செல்போன் ரிப்பேருக்கு விற்கிற திருப்புளி செட்தானே? குட்டி ஸ்க்ரூ கீழே விழாமல் ஒட்டிக்கொள்ள அதன் முனையில் காந்தம் ஏற்றியிருப்பார்கள். பேலன்ஸ் சக்கரத்தோடு மயிரிழையாய்ச் சுருண்டிருக்கும் ஹேர் ஸ்பிரிங்கில் அந்தக் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் ஸ்பிரிங் குட்டையானது போலத்தான்; மணிக்கு 18,000 முறை துடிக்க வேண்டியது இன்னும் வேகமாகத் துடிக்கும். எண்ணெய் அதில் பட்டாலும் இதே கதை. நீ விட்டது தையல் மிஷின் எண்ணெய் என்றால் இரண்டுமே நடந்திருக்கலாம்! உள்ளே இருக்கும் 17 கல்லும் செயற்கை மாணிக்கம். அச்சு முனை சுழலும் கல்லின் குழியில் ஊசிமுனையளவு வாட்ச் எண்ணெய் போதும். அதற்கு மேல் விட்டால் வழிந்து ஓடிவிடும், கல்லில் தங்காது.

இப்போது வேகத்தைக் குறைக்கிறேன் என்று ரெகுலேட்டரைத் தள்ளாதே. இடுக்கியால் ஸ்பிரிங்கைப் பிரிக்கவும் போகாதே. என் மேசைக்கு வருபவற்றில் வயதாகிக் கெட்டவை குறைவு; முதல் தப்பைச் சரிக்கட்டப் போய்க் கெடுத்தவைதான் அதிகம். வளைந்த ஸ்பிரிங்குக்கு மாற்று எங்கே வாங்குவது? எச்.எம்.டி. 1961-இல் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய கடிகாரத் தொழிலை மூடிவிட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இன்றைக்கு ஒரு ஜனதா பிழைக்க, பெரும்பாலும் இன்னொரு ஜனதாவின் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருக்கிறது.

நான் மட்டும் யோக்கியனா? வேலை பழகிய நாளில், முழுச் சாவி ஏறிய வாட்ச்சில் மெயின் ஸ்பிரிங்கை இறக்காமலே பிரிட்ஜ் ஸ்க்ரூவைக் கழற்றினேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டு சக்கரங்களில் பல் போயிற்று. முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதம் கடை கூட்ட விட்டார். சாவித் தலையை விரலால் பிடித்துக்கொண்டு, கிளிக்கை விலக்கி, மெல்ல மெல்லத் திரும்ப விட வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் காட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வா. ஜனதாவுக்கு இனிமேல் சாவி கொடுக்காதே, தானே நிற்கட்டும். காகிதத்தில் மடித்து எடுத்து வா, போன் இருக்கும் பையில் போடாதே. காந்தம் இறக்க இரண்டு நிமிடம். உன் எண்ணெயைக் கழுவி எடுக்கத்தான் அரை நாள் ஆகும். நீ பிரித்துப் பூட்டிப் பழக, ஓடாத பழைய மிஷின் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்தத் திருப்புளி செட்டையும் கொண்டு வா. என் போனுக்கு வேண்டியிருக்கிறது.

உன் மாமா