சுலோசன முதலியார் பாலம்: ஐக்கிய சங்கத்தாருக்கு ஒரு பாடம்

நாஞ்சில் நாட்டார் ஆரல்வாய்மொழி வழியாகப் பாளையங்கோட்டை சென்று, அங்கிருந்து திருநெல்வேலியை அடையத் தாமிரவருணியைக் கடக்க வேண்டும். 1840ஆம் ஆண்டளவில் அவ்விடத்தில் பாலம் கிடையாது; ஓடமே துணை. ஆற்றில் நீர் பெருகினால் வண்டியும் சரக்கும் கரையிலேயே தங்கும். துறையில் நெரிசலும், யார் முந்துவது என்ற சச்சரவும் ஓயாமல் இருந்தன.

அக்காலத்துக் கலெக்டர் இ. பி. தாம்ஸன் பாலம் கட்ட முற்பட்டார். செலவு ஏறக்குறைய ரூ. 50,000 என மதிப்பிடப்பட்டது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்ட எண்ணியிருந்த வேளையில், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராயிருந்த சுலோசன முதலியார் அப்பெருந்தொகையைத் தாமே ஏற்றுக்கொண்டார். 760 அடி நீளமும், அறுபதடி அகன்ற 11 வளைவுகளும் கொண்ட பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது.

ஐக்கிய சங்க அங்கத்தினர் இப்பாலத்தின் அமைப்பை ஊன்றிக் கவனித்தல் நலம். ஒவ்வொரு வளைவும் தன் பாரத்தால் இரு பக்கத்துத் தூண்களையும் வெளிப்புறம் தள்ளுகிறது. அடுத்த வளைவு எதிர்ப்புறமிருந்து தள்ளுவதால் தூண் நிலைத்து நிற்கிறது. ஒரு வளைவு விழுந்தால் அயல் வளைவுக்கும் ஆபத்து. வரம்பற்ற பொறுப்புள்ள சங்கமும் இத்தன்மையதே. ஒருவர் தவணை தவறினால் அச்சுமை அவரோடு நில்லாது. ஒழுங்காகச் செலுத்திவரும் அண்டை வீட்டாரையும் வந்து சாரும்.

1869ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் பாலத்தின் வளைவுகள் சில சேதமுற்றன. 1871இல் அவை செப்பனிடப்பட்டன. பாலத்தை எழுப்ப ஒரு வள்ளல் போதும். அதனைக் காக்க ஒருவர் ஒருமுறை அளித்த கொடை போதாது. கொடை ஒரு முறை வருவது. வெள்ளமோ பலமுறை வருவது.

சங்கங்கள் ஆண்டுதோறும் நிகர லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதியில் சேர்ப்பதன் காரணம் இதுவே. அதனை வீணே முடங்கிக் கிடக்கும் பணமென்று கருதி, "பங்கிட்டுக் கொடுத்தாலென்ன?" என்று கேட்போர் உளர். விளைச்சல் பொய்த்த ஆண்டில் சங்கத்தைத் தாங்கும் தூண் அந்நிதியே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பது மூத்தோர் வாக்கு.

ஆகவே, அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒவ்வோர் அங்கத்தினரும் இரண்டு தொகைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பாராக: தவணை கடந்த கடன் எவ்வளவு? சேமநிதி எவ்வளவு? முன்னது வளர்ந்து பின்னது தேய்ந்திருப்பின், தூணின் அடிமண் கரையத் தொடங்கிவிட்டதென்று அறிக.