கட்டுப்பாட்டுப் படம்: இரு வகை எல்லைகள்

பொறியியல் பயிலும் நம் மன்ற அன்பர்களில் சிலர் தரப் பொறியாளர் சான்றிதழ்த் தேர்வுக்கு இப்பொழுதே ஆயத்தம் செய்யத் தொடங்கியுள்ளனர். அமெரிக்கத் தரக் கழகம் நடத்தும் அத்தேர்வை எழுத எட்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். இளநிலைப் பட்டம் பெற்றோர்க்கு அதில் நான்காண்டு தள்ளுபடி உண்டு. வேறு சிலர் கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில், தரம், நம்பகம், செயலாய்வு ஆகியவை பற்றிய முதுநிலைப் படிப்பில் சேர எண்ணுகின்றனர். இவ்விரு சாராரையும் ஒன்றுபோல் இடறச் செய்யும் பகுதி, புள்ளியியல் வழிச் செயல்முறைக் கட்டுப்பாடு. அதன் சூத்திரங்கள் கடினமானவை அல்ல. கூட்டவும் பெருக்கவும் தெரிந்த எவரும் விடையைக் கண்டுவிடலாம். கண்ட விடைக்குப் பொருள் சொல்லும்போதுதான் மதிப்பெண் போகிறது. பட்டறையிலோ, மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒரு தொழிலாளியின் நற்பெயர் போகிறது. ஆகவே இப்பகுதியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு தாளை எடுத்து 'அ' என்னும் எழுத்தைப் பத்து முறை, ஒன்றுபோலவே எழுத முயன்று பாருங்கள். எவ்வளவு கவனமாக எழுதினாலும் பத்தும் ஒன்றாக இரா. ஒன்றின் சுழி பெரிதாகும். ஒன்றின் கால் நீளும். இவ்வேறுபாட்டுக்குத் தனிக் காரணம் ஒன்றைச் சுட்ட இயலாது. கையும் பேனாவும் தாளும் சேர்ந்து விளைவிப்பது அது. இனி, பதினோராவது எழுத்தை எழுதும்போது பக்கத்தில் இருப்பவர் உங்கள் முழங்கையைத் தட்டிவிட்டார் என்று கொள்வோம். அவ்வெழுத்து தனியே தெரியும். அதற்குக் காரணமும் சொல்லலாம். முதல் வகையைத் தற்செயற் காரணங்கள் என்றும், இரண்டாம் வகையைச் சுட்டத்தக்க காரணங்கள் என்றும் வழங்குவர். கட்டுப்பாட்டுப் படம் என்பது இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் கருவியே, வேறொன்றும் அன்று.

இக்கருவியைக் கண்டவர் வால்ட்டர் ஷூவர்ட் என்னும் அமெரிக்க அறிஞர். எழுத்தை எழுதிப் பார்க்கச் சொல்லும் உபாயமும் அவருடையதுதான். அவர் ஆங்கில எழுத்தைச் சொன்னார், நாம் 'அ'வை வைத்துக்கொண்டோம். தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1924 மே 16-ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் குறிப்பு ஒன்று அனுப்பினார். முதல் கட்டுப்பாட்டுப் படம் அதில்தான் இருந்தது. 1931-இல் அவருடைய பெருநூல் வெளிவந்தது. அதே 1931-இல்தான் மகலனோபிஸ் அவர்களின் முயற்சியால் இந்தியப் புள்ளியியல் கழகமும் தோன்றியது. அக்கழகத்தின் அழைப்பில் ஷூவர்ட் 1947-48-இல் நம் நாட்டுக்கு வந்து இம்முறையை எடுத்துரைத்தார். ஜப்பானியப் பொறியாளர்களுக்கு டெமிங் 1950-இல் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரைகளுக்கு முன்பே இது நிகழ்ந்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

வரலாறு இவ்வளவு போதும். இனிக் கணக்கைப் பார்ப்போம்.

லேத் ஒன்றில் தண்டுகள் கடையப்படுகின்றன. வரைபடம் கேட்கும் விட்டம் 25.00 மி.மீ.; 0.05 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 24.95 முதல் 25.05 வரை ஏற்கத்தக்கது. மணிக்கொரு முறை, அடுத்தடுத்து வரும் ஐந்து தண்டுகளை எடுத்து மைக்ரோமீட்டரால் அளக்கிறோம். ஐந்தின் சராசரியையும், பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வீச்சையும் குறிக்கிறோம். இவ்வாறு 25 மாதிரிகள் சேர்ந்தன. சராசரிகளின் சராசரி 25.010, வீச்சுகளின் சராசரி 0.040.

முதலில் வரையவேண்டியது வீச்சுப் படம். பல மாணவர்கள் சராசரிப் படத்துக்குத் தாவிவிடுகின்றனர், அது தவறு. சராசரியின் எல்லைகளே வீச்சிலிருந்து பிறப்பவை. வீச்சு நிலையாக இல்லையேல் அவ்வெல்லைகளுக்கு மதிப்பில்லை. ஐந்து அளவு கொண்ட மாதிரிக்குப் பட்டியலில் பெரிய டி4 என்பது 2.114. ஆகவே வீச்சின் மேல் எல்லை 0.085, கீழ் எல்லை சுழியம். ஏ2 என்பது 0.577. அதை 0.040-ஆல் பெருக்கினால் 0.023. எனவே சராசரியின் எல்லைகள் 24.987, 25.033. இருபத்தைந்து புள்ளிகளும் இரு படங்களிலும் எல்லைக்குள் அமைந்தன என்று கொள்வோம். செயல்முறை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

இங்கேதான் தேர்வுத்தாள் கண்ணியை வைக்கிறது. "தண்டுகள் யாவும் ஏற்கத்தக்கனவா?" என்று கேட்கும். கட்டுப்பாட்டு எல்லையான 25.033, வரைபட எல்லையான 25.05-க்கு உள்ளேதானே இருக்கிறது, ஆகவே யாவும் நலமே என்று எழுதத் தோன்றும். எழுதினால் மதிப்பெண் இல்லை. 25.033 என்பது ஐந்து தண்டுகளின் சராசரிக்கு உரிய எல்லை, 25.05 என்பது ஒவ்வொரு தண்டுக்கும் உரிய எல்லை. முன்னதைச் சொல்வது எந்திரம். பின்னதைச் சொல்பவர் வரைபடம் போட்டவர். இரண்டையும் ஒரே தாளில் கோடாக வரைவதே பிழை.

தனித் தண்டின் பரவலை அறிய வீச்சுச் சராசரியைச் சிறிய டி2-ஆல் வகுக்கவேண்டும். ஐந்துக்கு அது 2.326. ஆகவே சிக்மா 0.0172. சராசரிக்கு இருபுறமும் மும்மடங்கு சிக்மா எடுத்தால் தண்டுகள் 24.958 முதல் 25.062 வரை பரவும். மேல்புறம் எல்லையைத் தாண்டிவிட்டது! சி.பி. எனப்படும் திறன் எண் 0.97, நடு விலகியிருப்பதையும் கணக்கிலெடுக்கும் சி.பி.கே. 0.78 மட்டுமே. இயல்நிலைப் பரவல் என்று கொண்டால், ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு தண்டு தடித்துப் போகும். கட்டுப்பாட்டில் இருக்கும் செயல்முறையே குறையுள்ள பொருளையும் தருகிறது. கட்டுப்பாடு வேறு, திறன் வேறு.

இவ்வாறு ஆயிரத்துக்குப் பத்துத் தண்டு கழிந்தால் மேற்பார்வையாளர் என்ன செய்வார்? லேத்தில் நிற்பவரை அழைத்துக் கண்டிப்பார். அவரும் பயந்துபோய், ஒவ்வொரு தண்டையும் அளந்து, மிகுந்த அளவுக்கு உளியை உள்ளே தள்ளி, குறைந்த அளவுக்கு வெளியே இழுத்துக் கடைவார். பார்ப்பவர்க்கு இது கடமையுணர்ச்சியாகத் தோன்றும். கணக்கோ வேறு சொல்கிறது. தற்செயல் வேறுபாட்டை ஒவ்வொரு முறையும் இவ்வாறு திருத்தினால் பரவற்படி இருமடங்காகிறது, சிக்மா 1.41 மடங்காகிறது. எந்திரத்தைச் சரியாக 25.000-இல் நிறுத்திவிட்டுச் சும்மா இருந்தால் கழிவது ஆயிரத்துக்கு நான்கு. அதே எந்திரத்தைத் தண்டுக்குத் தண்டு திருத்தினால் கழிவது நூற்றுக்கு நான்கு! கண்டிப்பு, கழிவைப் பதின்மடங்காக்கிவிட்டது. அந்த ஆயிரத்துக்கு நான்கையும் நீக்கவேண்டுமானால், எந்திரத்தின் தாங்கிகளைப் புதுப்பிக்கவேண்டும். அல்லது நல்ல இரும்பு வாங்கவேண்டும். அல்லது அவ்வளவு நெருக்கமான எல்லை தேவைதானா என்று வரைபடக்காரரைக் கேட்கவேண்டும். இவற்றுள் ஒன்றுகூடத் தொழிலாளியின் கையில் இல்லை.

நடு 25.010-இல் நிற்பதும் அவருடைய அசட்டை என்று எண்ணிவிடக் கூடாது. தடித்த தண்டை மீண்டும் ஒரு சீவு சீவிச் சரிசெய்யலாம். மெலிந்தது பழைய இரும்புக்குத்தான் போகும். அனுபவமுள்ள கடைசற்காரர் சற்றே தடிப்பாக நிறுத்துவது அறிவுடைமை. எந்தக் கழிவுக்குச் செலவு குறைவு என்பதைக் கேட்காமல் "நடுவுக்குக் கொண்டுவருக" என்று எழுதும் விடை, தேர்வில் தப்பலாம், பட்டறையில் தப்பாது.

ஏன் ஐந்தைந்தாக எடுக்கவேண்டும், ஒன்றொன்றாகக் குறித்தால் என்ன என்று சிலர் கேட்பர். நல்ல கேள்வி. செயல்முறையின் நடு ஒரு சிக்மா அளவு நகர்ந்துவிட்டது என்று கொள்வோம். தனித் தண்டுகளைக் குறித்தால் ஒரு புள்ளி எல்லையைத் தாண்டச் சராசரியாக 44 புள்ளிகள் காத்திருக்கவேண்டும். ஐந்தின் சராசரியைக் குறித்தால் நாலைந்து புள்ளிகளில் தெரிந்துவிடும். நகர்வே இல்லாதபோது வீணாக எச்சரிப்பதோ, இரண்டு முறையிலும் ஏறத்தாழ 370 புள்ளிக்கு ஒன்றுதான். எல்லையைத் தாண்டாமலே, நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து விழுந்தாலும் ஐயுறவேண்டும் என்ற விதி 1956-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கையேட்டில் இடம்பெற்றது. அத்தகைய விதிகள் இன்னும் சில உண்டு. எல்லாவற்றையும் ஒருங்கே ஏவினால் பொய் எச்சரிக்கை பெருகும். எட்டுப் புள்ளி விதியொன்றைச் சேர்த்துக்கொண்டால் தொடக்கத்துக்குப் போதும்.

மாதிரி எடுக்கும் முறைக்கு வருவோம். இரண்டு லேத்துகளின் தண்டுகளை ஒரே கூடையில் போட்டு, அதிலிருந்து ஐந்து எடுப்பது மிகப் பொதுவான தவறு. ஒரு லேத் தடிப்பாகவும் மற்றொன்று மெலிவாகவும் கடைந்தால் அவ்வேறுபாடு முழுதும் வீச்சுக்குள் புகுந்துகொள்ளும். வீச்சு பெருகும், எல்லைகள் அகலும், புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டிச் சாதுவாகப் படுத்திருக்கும். அவ்வளவு அழகான படத்தைக் கண்டால் மகிழாதீர்கள். கூடையைத் தேடிப் போங்கள்.

இறுதியாகப் பட்டியலைப் பற்றி ஒரு சொல். வினாத்தாளில் மாதிரி அளவு நான்கு என்று இருக்கும். பழக்கத்தால் கண் ஐந்தாம் வரிசைக்குப் போகும். நான்குக்கு ஏ2 0.729, சிறிய டி2 2.059. நம் கணக்கிலேயே வீச்சுச் சராசரி அதே 0.040-ஆக இருந்து, மாதிரி நான்காக இருந்தால் சிக்மா 0.0194 ஆகும். சி.பி. 0.86-க்கு இறங்கிவிடும். குறைந்த தண்டுகளை எடுத்தும் அதே வீச்சு வருகிறதென்றால் பரவல் உண்மையில் பெரிது என்பதே அதன் பொருள். மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் நீங்களே போட்டுப் பாருங்கள், 25.039, 24.981 என்று வந்தால் சரி.