உழிஞையும் நொச்சியும்: போர் வரலாற்று நூல்களைப் பயிலுமாறு

நம் கல்லூரி நூல் நிலையத்தில் போர் வரலாற்று நூல்கள் வைக்கப்பட்டுள்ள அலமாரியை நாடிச் செல்வார் மிகச் சிலர். அங்ஙனம் செல்வாருள்ளும் பலர் படைத்தலைவர்தம் உருவப் படங்களையும் அம்புக்குறி இட்ட நிலப்படங்களையும் புரட்டி நோக்கி, வென்றவன் யார் என்பதை அறிந்த அளவில் மனநிறைவு எய்தி மீள்வர். ஏனையோர், “கொலைத் தொழிலைப் பற்றி ஐந்நூறு பக்கம் கற்பதால் வரும் பயன் யாது?” என்று வினவி முகம் திருப்புவர். இவ்விரு திறத்தார்க்கும் சில நூல்களை எடுத்துக் காட்டி, அவற்றைக் கற்கும் முறை ஒன்றையும் கூற விரும்புகின்றேன். அம்முறையைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. தமிழ் மாணவராகிய நாம் தேர்வின் பொருட்டு நெட்டுருச் செய்து பின் மறந்துவிடும் புறத்திணை இலக்கணமே அதற்குப் போதுமானது.

பகைவன் மதிலை வளைத்து நிற்பவன் சூடும் பூ உழிஞை. மதிலினுள் நின்று அதனைக் காப்பவன் சூடும் பூ நொச்சி. தொல்காப்பியனார் இரண்டு செயலையும் உழிஞைத் திணையுள்ளேயே அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலை பாடிய ஐயனாரிதனார் நொச்சியைத் தனித் திணையாக வகுத்தார். இலக்கண வேற்றுமை எவ்வாறாயினும் ஆகுக. நடப்பது ஒரே முற்றுகை. மதிலுக்குப் புறத்தே ஒரு பூ, அகத்தே ஒரு பூ. போர் நூல் ஒன்றைக் கையில் எடுத்தவுடன், இதன் ஆசிரியர் எந்தப் பூவைச் சூடிக்கொண்டு எழுதினார் என்று கேட்டல் வேண்டும்.

இக்காரணம் பற்றியே, புதிதாகப் பயில்வோர் முற்றுகை வரலாறுகளை முதலில் கற்க என்பேன். திறந்த வெளியில் நிகழும் போர் பல கல் தொலைவு பரந்து, அரை நாளில் முடிந்துவிடும். எந்தப் படை எப்பக்கம் திரும்பிற்று என்று அறியாது மாணவன் மயங்குவான். முற்றுகையோ ஓரிடத்திலேயே நிற்கும். மதில் எத்தகையது, உள்ளே உணவு எவ்வளவு, நீர் எங்கிருந்து வருகிறது, நாள் எத்தனை சென்றன என்பவற்றை மனத்திற் கொண்டால் நூல் தானே விளங்கும்.

கிரேக்கர் தமக்குள் கி.மு. 431 முதல் 404 வரை நிகழ்த்திய பெலொப்பொனீசியப் போரின் வரலாற்றை எழுதியவர் துசிடிடீஸ். அவர் ஏதென்ஸ் நகரத்தவர். அந்நகரின் படைத்தலைவருள் ஒருவர். கி.மு. 424-இல் ஆம்பிபொலிஸ் என்னும் ஊரைப் பகைவர் கைக்கொள்ளாமற் காக்க இயலாமையால், இருபது ஆண்டு தம் நகரை விட்டு நீங்கி வாழ நேர்ந்தது. அந்நீக்கத்தாலேயே இரு பக்கத்தார் செய்திகளையும் அமைதியாக அறிந்துகொள்ள வாய்த்தது என்று அவரே கூறுகின்றார். நூல் பெரிது, கடினமும் உடையது. முழுவதும் கற்க அஞ்சுவோர் அதன் இரண்டாம் மூன்றாம் பகுதிகளில் உள்ள பிளாட்டியா முற்றுகையை மட்டும் படித்துப் பார்க்கலாம். படித்தோர் ஏனைப் பகுதிகளைப் படியாமல் விடார் என்பது என் துணிபு.

பிளாட்டியா ஒரு சிற்றூர். முற்றுகையின்போது உள்ளே எஞ்சி நின்றோர் அவ்வூரார் 400 பேரும், துணை வந்த ஏதென்ஸ் வீரர் 80 பேரும், இவர்க்கு அப்பம் சுட்டுத் தரப் பெண்டிர் 110 பேருமே. வெளியே ஸ்பார்ட்டாவினரும் அவர் நட்பினரும் ஊரைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பிக் காத்திருந்தனர். உணவு குறைந்தபோது உள்ளிருந்தோருட் சிலர் அச்சுவரை ஏறிக் கடந்து தப்ப எண்ணினர். ஏணியின் நீளம் தெரிய வேண்டுமே! பகைவர் சுவரில் பூச்சுப் பூசாத பகுதி ஒன்று தொலைவில் தெரிந்தது. அதன் செங்கல் வரிசைகளைப் பலர் பலமுறை எண்ணினர். சிலர் எண்ணிக்கை தவறினும் பெரும்பாலோர் எண்ணிக்கை ஒத்து வருமன்றோ? ஒரு கல்லின் கனத்தைக் கொண்டு உயரத்தைக் கணித்து ஏணி செய்தனர். மழையும் காற்றும் மிக்க நிலவில்லாக் குளிரிரவில், சேற்றில் வழுக்காமைப் பொருட்டு இடக்காலில் மட்டும் செருப்பணிந்து புறப்பட்டு, 212 பேர் தப்பி ஏதென்ஸ் சேர்ந்தனர். கணக்கு வகுப்பில் உறங்கும் நண்பர்க்கு இப்பகுதியை நான் சிறப்பாகப் பரிந்துரைக்கின்றேன்.

எஞ்சியோர் கி.மு. 427-இல் பசியால் அடைக்கலம் புகுந்தனர். அவர்களை நிறுத்தி, “இப்போரில் எமக்கு நீவிர் செய்த நன்மை ஏதேனும் உண்டா?” என்ற ஒரே வினா வினவப்பட்டது. இல்லை என்ற விடைக்குத் தண்டம் கொலை. பிளாட்டியர் இருநூற்றுவர்க்குக் குறையாமலும் ஏதென்ஸ் வீரர் 25 பேரும் கொல்லப்பட்டனர். பெண்டிர் அடிமையாயினர். அப்பம் சுட்ட 110 பேரையும் தொடக்கத்திலேயே எண்ணிச் சொன்ன ஆசிரியர் முடிவில் அவர்களை மறந்தாரல்லர். ஒரு சொற்றொடர்தான், எனினும் சொன்னார். நூலாசிரியரின் தகுதியை அளக்க இத்தகைய இடங்களே எனக்கு உரைகல்லாகத் தோன்றுகின்றன.

இவ்வுரைகல்லிற் சீசரை உரைத்துப் பார்ப்போம். இன்று பிரான்சு எனப்படும் கால்லியா நாட்டைத் தாம் வென்ற வரலாற்றை ஜூலியஸ் சீசர் தாமே எழுதினார். கி.மு. 52-இல் அலேசியா என்னும் மலையூரில் வெர்சிஞ்செட்டோரிக்ஸ் என்னும் கால்லியத் தலைவன் அடைபட்டான். சீசர் ஊரைச் சுற்றி அகழும் அரணும் அமைத்தார். அவனை மீட்கப் பெரும்படை ஒன்று வருகின்றது என அறிந்து, தம் முதுகுப்புறத்தைக் காக்க 14 ரோமானிய மைல் சுற்றளவில் வெளிநோக்கிய மற்றோர் அரணும் எழுப்பினார். ஊரை நோக்க உழிஞை; வந்த படையை நோக்க நொச்சி. இரு பூவையும் ஒருவனே ஒருங்கு சூடிய விந்தையை வேறு நூலில் யான் கண்டதில்லை.

ஊருக்குள் தானியம் குறைந்தது. அவ்வூர்க்கு உரியவராகிய மாண்டூபியர், தம் மனைவி மக்களோடு வெளியே துரத்தப்பட்டனர். அவர்கள் ரோமர் அரண் அருகே வந்து, தங்களை அடிமைகளாகவேனும் ஏற்று உணவு தருமாறு அழுது வேண்டினர். சீசர் அரண்மேற் காவலரை நிறுத்தி, அவர்களை ஏற்றல் கூடாதெனத் தடுத்தார். அடுத்த பகுதியில் மீட்புப் படையின் வருகை தொடங்கிவிடுகின்றது. மாண்டூபியர் என்ன ஆயினர் என்பதை அவர் நூல் சொல்லவில்லை. ‘யான்’ என்னாது ‘சீசர்’ என்றே படர்க்கையில் எழுதும் அவர் வழக்கமும் ஈண்டுக் கருதற்பாலது. கட்டளை இட்டவர் வேறு யாரோ, எழுதுகின்றவர் வேறு யாரோ என்று நாம் எண்ணிவிடுகிறோம். படர்க்கை இடம் இத்துணை வலிமை உடையது என்பதை நன்னூல் கற்றபோது யான் அறிந்திலேன்.

ஜொசீபஸ் எழுதிய யூதர் போர் வரலாற்றை நம் கிறிஸ்தவ மாணவருட் சிலர் எருசலேம் ஆலயம் கி.பி. 70-இல் அழிந்த செய்திக்காகப் படித்திருக்கலாம். அவர் கி.பி. 67-இல் யோத்தபாத்தா அரணை உள்ளிருந்து காத்தவர். பின் ரோமரிடம் அடைக்கலம் புகுந்து, எருசலேம் முற்றுகையில் தீத்துவின் பாளையத்தில் இருந்தவர். நொச்சி சூடிய கையால் உழிஞை தொடுத்தார். அவர் தரும் தொகைகள் நம்பத் தக்கன அல்ல. ஆயின் தம் மக்கள் பட்ட பசியை எழுதும்போது அவர் நெஞ்சு எப்பக்கம் நின்றது என்பது மறைவதில்லை.

மாண்டூபியரைப் போல அரணுக்கும் அரணுக்கும் இடையே நின்றோர்க்கு நம் புறத்திணையில் பூ ஒன்றும் இல்லை. இது பற்றி யான் பலநாள் எண்ணியதுண்டு. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், முதுகுடுமிப் பெருவழுதியின் போரறத்தைப் பாடும் நெட்டிமையார், போர் தொடங்குமுன் பெண்டிரும் பிணியுடையாரும் பிறரும் காவலான இடம் சேருமாறு அறிவித்தலைப் புகழ்கின்றார். உயர்ந்த அறமே. ஊரே முற்றப்பட்டபின் அவர் எங்குச் செல்வர்? நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடிய பாட்டு இவ்வினாவை நெருங்குகின்றது. பாலின்றி அழும் குழவிகளையும் பூவின்றி முடிக்கும் கூந்தலையும் காட்டி, அறவழி நின்றால் கதவைத் திற, மறவழி நின்றால் வெளியே வந்து போர் செய் என்று அரசனை இடித்துரைக்கின்றார் புலவர். நொச்சிப் பக்கத்து உண்மையை இத்துணைச் சுருங்கச் சொன்ன போர் நூல் அரிது.

இனி நம் நாட்டில் நடந்த முற்றுகைகளுக்கு வருவோம். கருநாடகப் போர்களை இரு நூல்களில் இணைத்துக் கற்கும் பேறு நமக்கு உண்டு. ஒன்று ராபர்ட் ஆர்ம் ஆங்கிலத்தில் எழுதி 1763-இலும் 1778-இலும் வெளிவந்த பெருநூல். மற்றொன்று புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் துரையின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது. தமிழ் மாணவர் மூலத்தையே நாடுக. பேச்சு நடையும், பாரசீகம், போர்த்துகீசியம், பிரெஞ்சு முதலிய மொழிச் சொற்களும் கலந்த அந்நடையைக் கண்டு இலக்கண ஆசிரியர் நெற்றி சுருக்கலாம். ஆனால் அங்காடியும் அரசவையும் ஒருங்கே பேசும் குரல் அதில் கேட்கும்.

1748-இல் பாஸ்கவன் என்னும் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் புதுச்சேரியை முற்றுகையிட்டார். ஆர்ம் உழிஞைப் பக்கத்தவர். ஆயினும் தம்மவர் பிழையை மறைத்தாரல்லர். அரியாங்குப்பத்தில் வீணே நாள் கழிந்தமையும், மதிலுக்கு 1500 கஜம் தொலைவிலேயே அகழ் தோண்டத் தொடங்கிய அறியாமையும் அவர் நூலிற் காணலாம். மடிந்த ஐரோப்பியர் 1065 பேர் என்று கணக்கும் தருகின்றார். பிள்ளையோ மதிலினுள் இருந்தார். அம்முற்றுகை நாட்களிலேயே வேதபுரி ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டது. இடித்தவர் பகைவர் அல்லர், உள்ளிருந்த பிரெஞ்சுக்காரர். அந்நிகழ்ச்சியை மனம் நொந்து விரிவாக எழுதுகின்றார் பிள்ளை. நொச்சி சூடியோரெல்லாம் ஒரே மனத்தினர் அல்லர் என்பதை எந்தப் படைத்தலைவன் நூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பியாது.

1751-இல் நிகழ்ந்த ஆற்காட்டு முற்றுகையில் மற்றொரு பாடம் உண்டு. கிளைவ் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்று அக்கோட்டையைப் பிடித்து, 50 நாள் காத்தார். இறுதியில் போருக்கு உரியராய் நின்றோர் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களுமே. அரிசி குறைந்தபோது, “சோற்றை வெள்ளையர்க்குத் தருக, வடித்த கஞ்சி எங்கட்குப் போதும்” என்று சிப்பாய்கள் கூறினராக ஒரு கதை நம் சிறுவர் பாடநூல்கள் வரை பரவியுள்ளது. மால்கம் எழுதி 1836-இல் வெளிவந்த கிளைவின் வரலாற்றில் அது உள்ளது. 1840-இல் மெக்காலே தம் கட்டுரையால் அதனை உலகறியச் செய்தார். முற்றுகையை விரிவாக எழுதிய ஆர்மின் நூலில் அக்கதை காணப்படவில்லை. ஆர்மும் அதனை நேரிற் கண்டவரல்லர். அப்போது அவர் வங்காளத்தில் இருந்தார். படைஞர் தந்த குறிப்புகளைத் திரட்டியே எழுதினார். எனினும் அவர் நூல் முந்தியது. கஞ்சிக் கதை பொய் என்று துணிந்து கூற இது போதாது. சிப்பாயைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் புகழ்பெற்ற செய்தி, அவன் சோற்றை விட்டுக்கொடுத்தான் என்பதாக அமைந்ததும், அதைச் சொன்னவர் அவனல்லாத பிறரே என்பதும் எண்ணத் தக்கன. அந்த 120 பேருள் ஒருவர் எழுதிய குறிப்பும் நம் கையில் இல்லை.

பிற்கால நூல்களுள் இரண்டு மட்டும் கூறுவேன். ஜான் கீகன் 1976-இல் வெளியிட்ட ‘போரின் முகம்’ என்னும் நூல், 1415, 1815, 1916 ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த மூன்று போர்களை எடுத்து, வரிசையில் நின்ற வீரன் எதைக் கண்டான், எதைக் கேட்டான் என்று ஆராய்கின்றது. தாம் ஒருபோதும் போர்க்களம் புகுந்ததில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும் அவர் நேர்மை போற்றத் தக்கது. ஹாரிசன் சாலிஸ்பரி 1969-இல் வெளியிட்ட லெனின்கிராட் முற்றுகை நூல் நீண்டது. இரவில் படிக்க உகந்ததன்று. 1941 நவம்பரில் அந்நகரத்துச் சிறுவர்க்கு ஒரு நாளைக்கு அளந்து கொடுத்த ரொட்டி 125 கிராம். பிளாட்டியாவின் அப்பத்தை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

மீண்டும் புதுச்சேரிக்கு வருகின்றேன். 1760-இல் அயர் கூட் தலைமையில் ஆங்கிலேயர் அந்நகரை மறுபடி வளைத்தனர். உணவு குன்றவே, பிரெஞ்சுத் தலைவர் லாலி நவம்பர் இறுதியில் நம் நாட்டு மக்கள் 1400 பேரை, ஆண் பெண் முதியோர் குழவி என்னும் வேறுபாடின்றி, மதிலுக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் காவலும் அவர்களைத் தடுத்துத் திருப்பிற்று. இரண்டுக்கும் இடையே எட்டு நாள் அலைந்து, புல்லின் வேரைத் தின்று உயிர் தாங்கினர். பின்னர்க் கூட் வழிவிட்டார். இதனை எழுதியவர் ஆர்ம். உழிஞைப் பக்கத்து ஆசிரியர். சீசரைப் போல அவர் அடுத்த பகுதிக்கு விரைந்துவிடவில்லை. எண்ணையும் நாளையும் வேரையும் குறித்து வைத்தார். அவர் நூலில் ஒரே ஒரு பக்கம் படிக்க நேரம் உடையோர் அப்பக்கத்தைப் படிக்க.

அதனருகே நாட்குறிப்பின் கடைசித் தொகுதியையும் வைத்துக்கொள்க. பிள்ளை 1761 ஜனவரி 12-ஆம் நாள் அடைபட்ட நகரினுள்ளேயே உயிர் நீத்தார். நகர் வீழ்ந்தது 16-ஆம் நாள். ஆதலின் அந்த நான்கு நாட்களின் செய்தியை அவர் வாய்மொழியாக நாம் கேட்டல் இயலாது. நகர் ஒப்புவிக்கப்பட்ட வரலாற்றை அறிய வேண்டுவோர் அவ்விடத்தில் நொச்சி நூலை மூடி வைத்து, உழிஞை நூலைத் திறத்தல் வேண்டும்.