மருந்துச் சீட்டு: பல கைகள் மாறும் அமானிதம்



மருந்துச் சீட்டை எழுதுபவர் மருத்துவர். அதைப் படித்து மருந்து கொடுப்பவர் மருந்தாளுநர். மருத்துவமனையில் வேளாவேளைக்குத் தருபவர் செவிலியர். வீட்டில் எடுத்துக் கொடுப்பது மகளோ, மருமகளோ, பேரனோ. எந்தக் கையில் தவறு நேர்ந்தாலும் பாதிப்பு நோயாளிக்குத்தான்.

ஆனால் மருத்துவம், மருந்தியல், செவிலியம் படிக்கும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தனித்தனி வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். அடுத்தவரின் பொறுப்பு என்ன என்பது வேலைக்குப் போன பிறகே புரிகிறது. பல துறை மாணவர்கள் ஒன்றாக அமர்ந்து, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. மருந்தால் நேரும், தவிர்க்கக்கூடிய கடுமையான தீங்குகளை ஐந்தாண்டுகளில் பாதியாகக் குறைக்க வேண்டும் என்ற இலக்கை 2017இல் அறிவித்தது.

பாடம் எப்படி இருக்கும்?

நமக்குத் தெரிந்த ஒரு நிலையையே எடுத்துக்கொள்வோம். 60 வதுப் பெரியவர், சர்க்கரை நோயாளி. காலையில் கிளிமிபிரைடு, காலையும் இரவும் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரமலான் நோன்பு வைக்க விரும்புகிறார். என்ன செய்வது?

மருத்துவ மாணவர் முதலில் சிறுநீரகத்தின் நிலையையும், முன்பு சர்க்கரை இறங்கி மயக்கம் வந்ததா என்பதையும் பார்ப்பார். கிளிமிபிரைடு சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடியது. ஆகவே நோன்பு காலத்தில் அதை இஃப்தார் வேளைக்கு மாற்றுவது வழக்கம். தேவைப்பட்டால் அளவும் குறையும்.

மருந்தியல் மாணவர் வேறொன்றைக் கவனிப்பார். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயர்களில் வீட்டில் இருக்கிறதா? பழைய சீட்டைப் பார்த்துக் காலையிலும் சாப்பிட்டுவிடுவாரா?

செவிலிய மாணவி கேட்பது இன்னும் நடைமுறையானது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? சர்க்கரை பார்க்கும் கருவி உண்டா? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அவருக்குத் தெரியுமா?

மூவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தச் சீட்டு முழுமையாகாது. இதுதான் பாடம்.

கேட்கும் துணிவு

இன்னொன்றையும் அவர்கள் சேர்ந்து கற்கிறார்கள். மூட்டுவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. அதைத் தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. சீட்டில் 'தினமும்' என்றிருந்தால், "டாக்டர், இது வாரம் ஒரு முறைதானே?" என்று மருந்தாளுநரோ செவிலியரோ கேட்க வேண்டும். மருத்துவரும் அதை அவமதிப்பாக எண்ணாமல் ஏற்க வேண்டும். இந்தப் பழக்கம் மாணவப் பருவத்தில் வந்தால்தான் நிலைக்கும். கலந்தாலோசனை நமக்குப் புதிதல்ல. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்தின் பெயரே 'அஷ்ஷூரா'.

நம் வீட்டில் செய்ய வேண்டியவை

1. நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். அளவையும் நேரத்தையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

2. சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

3. என்ன மருந்து, எதற்கு, எப்போது, எத்தனை நாள் என்று மருந்துக் கடையிலும் ஒரு முறை கேளுங்கள்.

4. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பைத் திறந்துவிட வேண்டும். உயிரைக் காப்பதும் மார்க்கக் கடமையே.

5. மருத்துவத் துறைகளில் பிள்ளைகளைச் சேர்த்துள்ள பெற்றோர், மற்றத் துறை மாணவர்களோடு சேர்ந்து கற்கும் வாய்ப்பு எதையும் தவறவிட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.